கூப்பிட்டால் வராத குட்டி

அக்டோபர் 6

முதல் ஷிஃப்ட் முடிந்து, மில் பஸ்ஸில் கண்மாய் முக்கில் இறங்கி, கரை வழியாக நடந்து வந்தேன். ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் சாக்கு வாய் கட்டிக் கிடந்தது. காற்று இல்லை. சாக்கு மட்டும் அசைந்தது. பாம்போ என்று தள்ளி நின்று பார்த்தேன். பாம்பைப் பிடித்துக் கட்டுகிறவன் அதைக் கரையில் போட்டுவிட்டுப் போவானா? செருப்புக் காலால் லேசாகத் தொட்டேன். உள்ளேயிருந்து ஏதோ முட்டியது.

சணல் கயிற்றில் இறுக்கமான முடிச்சு. ஸ்பின்னிங் மில்லில் அறுந்த நூலை ஒட்டியே பழகிய விரல் என்பதால் நகத்தாலேயே அவிழ்த்துவிட்டேன். உள்ளே ஒரு நாய்க்குட்டி. சிமெண்ட் தூசியில் புரண்டு சாம்பல் நிறமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. முந்தானையில் சுற்றி எடுத்து வந்துவிட்டேன்.

குளிப்பாட்டக் குளிப்பாட்ட உள்ளே இருந்த வெள்ளை வெளியே வந்தது. ஒரு புள்ளி கூட இல்லை. மூக்கு ரோஜா நிறம். துவட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுச் செண்பகம் பின்வாசல் வழியாக வந்தாள். முன்வாசலில் ரொம்ப நேரம் தட்டினாளாம். அவள் அங்கன்வாடியில் ஆயா. பிள்ளைகளோடு கத்திக் கத்திக் குரல் பெரிதாகிவிட்டது. இந்தத் தெருவில் திருத்தமாகப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் இப்போது வார்த்தையை மென்று முழுங்குகிறார்கள்.

குட்டி சாக்குக்குள் கத்திக்கொண்டு கிடந்ததா என்று கேட்டாள். இல்லை, சமர்த்தாக இருந்தது என்றேன். அவள் குட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதன் காதையும் வாலையும் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, இது தெருநாய் இல்ல. நம்மூரு நாயி. அசல் சாதி."

ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்து, ராஜபாளையம் நாயை அடையாளம் தெரியாமல் இருந்தேனே என்று சிரிப்பு வந்தது. அப்புறம் யோசனை வந்தது. இந்தக் குட்டிக்காக வெளியூர்க்காரர்கள் சொல்லிவைத்துக் காத்துக் கிடக்கிறார்கள். இதை ஒருவன் சாக்கில் கட்டிக் கண்மாய்க் கரையில் போடுவான் என்றால், எதற்கு?

அக்டோபர் 7

குட்டி என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிறது. நான் எழுந்து ஓர் அடி வைத்தால் கண்ணைத் திறந்துவிடுகிறது. தூங்குகிற பிள்ளைக்கு நான் நடப்பது எப்படித் தெரிகிறது?

அக்டோபர் 9

கால்நடை மருந்தகத்தில் ஒரே ஆட்டுக் கூட்டம். பூச்சி மருந்து ஊற்றினார்கள், ஊசி போட்டார்கள், குட்டி நல்ல தெம்பாக இருக்கிறது என்றார்கள். நோய்க்குட்டி என்று தூக்கிப் போட்டிருப்பார்கள் என நினைத்திருந்தேன். அதுவும் இல்லையாம்.

செண்பகம் ஒரு காரணம் சொல்கிறாள்: திருடிக்கொண்டு வந்தவன் பயந்துபோய்ப் போட்டிருப்பான். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் ஒரு காரணம் சொல்கிறார்: ஜாதகம் சரியில்லாத நேரத்தில் பிறந்திருக்கும். நாய்க்கு யார் ஜாதகம் எழுதுகிறார்கள் என்று கேட்டேன். அவர் ஏதோ முணுமுணுத்தார்.

இதை நான் வைத்துக்கொள்ள முடியாது. என் மகள் நாகஜோதிக்கு இது ஆறாவது மாதம். கார்த்திகை பிறந்ததும் மதுரையில் வளைகாப்புப் போட்டு, இங்கே கூட்டிவர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் நடக்கப்போகிற முதல் நல்ல காரியம். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் நாய் வேண்டாம். அதற்குள் இதற்கு ஒரு வீடு பார்த்துவிட வேண்டும்.

சாயங்காலம் ஜோதி போன் செய்தாள். டவர் சரியில்லை. பாதிப் பேச்சு வரவே இல்லை. சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குச் சரி என்று சொன்னேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை.

அக்டோபர் 13

ஆள் கிடைக்காதே என்று நினைத்தது போக, யாருக்குக் கொடுப்பது என்பது பெரும்பாடாகிவிட்டது. நானே ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற மாதிரிதான்.

வாழைக்காய் மண்டிக்காரர் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டார். ஆண் என்றதும், எத்தனை மாதத்தில் ஜோடி சேர்க்கலாம் என்றார். குட்டிக்கு இன்னும் பால்பல் விழவில்லை. புதுவீடு கட்டிய ஒருவர் மாடிப்படிக்குக் கீழே கூண்டு காட்டினார். அதில் குட்டி நிற்கலாம், திரும்ப முடியாது. இன்னொரு வீட்டில் அந்த அம்மாள் தரையை மூன்று தடவை துடைத்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டாள். குட்டியை நினைத்துக்கொண்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எத்தனை வருஷமாக இதே தெருக்களில் நடக்கிறேன். ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. கூண்டுக்காரர் வீட்டில் சுவர் முழுக்க வெளிநாட்டுக் கடிகாரங்கள். ஒன்று கூட ஓடவில்லை போல, அத்தனை அமைதி.

அக்டோபர் 16

இவ்வளவு புத்தியுள்ள நாயை நான் பார்த்ததில்லை. வா என்றால் வருகிறது. இரு என்றால் உட்காருகிறது. தட்டைத் தொடாதே என்றால் தொடுவதில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது மட்டும் கொஞ்சம் பிடிவாதம்.

செண்பகம் பெயர் வைக்கச் சொன்னாள். பெயர் வைத்தால் கொடுக்க மனசு வராது. வைக்கவில்லை.

வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். நான் ஷிஃப்டுக்குப் போன பிறகும், நான் வீட்டில் சமையலில் இருக்கும்போதும் நாய் ஓயாமல் குரைக்கிறதாம். ஒரு தினுசாக, இழுத்து இழுத்துக் கத்துகிறதாம். நான் இல்லாதபோது கத்தினால் கத்தியிருக்கலாம். நான் அடுப்படியில் இருக்கும்போது அது வாயே திறந்ததில்லை. இல்லாததைச் சொல்கிறார்.

அக்டோபர் 19

நூல் சுற்றிய பாபின்களை ஏற்றிக்கொண்டு வருகிற தள்ளுவண்டி பின்னாலிருந்து என் குதிகாலில் மோதிவிட்டது. தோல் உரிந்து வீக்கம். தள்ளிவந்த பெண் விலகு விலகு என்று கத்தினாளாம். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின் ஓடுகிற இடத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? மற்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்களே என்று சூப்பர்வைசர் சொன்னார். அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

குட்டி வீக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 20

சோறு குழைந்துவிட்டது. குக்கர் விசில் வரவர வருவதே இல்லை. புதிதாக ஒன்று வாங்கிப் போட வேண்டும்.

அக்டோபர் 23

நல்ல இடம் கிடைத்துவிட்டது. ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஜெகநாதராஜா. என் வயதுதான் இருக்கும். வந்தவர் குட்டியை எடுப்பதற்கு முன்னால் அதன் முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டி, அதுவே வந்து முகரும்வரை காத்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. பண்ணையைப் போய்ப் பார்த்தேன். வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, ஓடுவதற்கு இடம். கட்டிப்போட மாட்டேன் என்றார். டைகர் என்று கூப்பிடப்போகிறார்களாம். வெள்ளை நாய்க்கு எதற்கு டைகர் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அக்டோபர் 24

வீட்டைத் துடைத்தேன். செருப்பு காலையில் விட்ட இடத்திலேயே கிடந்தது.

அக்டோபர் 31

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, அதிரசம் சுட்டு, செண்பகம் வீட்டுக்கும் வீட்டுக்காரருக்கும் கொடுத்தேன். இந்த வருஷம் வெடிச்சத்தம் ரொம்பக் குறைவு. மத்தாப்பும் புஸ்வாணமும்தான் அதிகம். சனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று செண்பகத்திடம் சொன்னேன். அவள் அதிரசத்தைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 3

ராஜா பண்ணைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். போனில் கூப்பிட்டாராம், நான் எடுக்கவில்லையாம். என்னமோ ஏதோ என்று ஓடினேன்.

குட்டி வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராஜா டைகர் டைகர் என்று கூப்பிட்டார். அது திரும்பவில்லை. இப்படித்தான் எப்போதும், கூப்பிட்டால் வருவதே இல்லை என்றார். என்னிடம் வந்ததே என்றேன். கூப்பிடுங்கள் பார்ப்போம் என்றார். அதற்குள் காற்று மாறி என் வாசனை அதற்கு எட்டியிருக்க வேண்டும், அதுவே திரும்பிப் பார்த்து, பாய்ந்து ஓடி வந்தது. வழியில் கோழித்தீவனம் கொட்டிக் கிடந்தது; மிதிக்காதே, இரு என்றேன். நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. வா என்றேன். வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ராஜா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க வாயால சொல்லல. கையால சொல்றீங்க," என்றார்.

என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கூப்பிடச் சொன்னார். கட்டிக்கொண்டேன். ராஜா கோழிக்குஞ்சு ஒன்றைக் காட்டிக் குட்டியை அந்தப் பக்கம் திரும்ப வைத்தார். நான் வா என்றேன். உரக்கச் சொன்னேன். தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னேன். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குட்டி மட்டும் திரும்பவில்லை.

மில்லுக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூடக் காதில் ஏறாது. உள்ளங்கையை மார்புப் பக்கம் மடக்கினால் வா. முஷ்டியைக் காட்டினால் நிறுத்து. விரலைக் குறுக்கே ஆட்டினால் தொடாதே. இத்தனை வருஷத்தில் வாயோடு சேர்ந்து கையும் தானாக ஓடுகிறது. நான் அதைக் கவனித்ததே இல்லை. குட்டி கவனித்திருக்கிறது.

தீபாவளியன்று பண்ணை ஆட்கள் சரவெடி போட்டார்களாம். கோழிகள் எல்லாம் கூண்டில் மோதிக்கொண்டன, இது வெடிக்குப் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்ததாம். அலுப்பில் தூங்கியிருக்கும் என்றேன். ராஜா பொறுமையாகத் தலையசைத்தார். அப்புறம் சொன்னார். சுத்த வெள்ளையில் சில ஈற்றில் ஒன்றிரண்டு இப்படிப் பிறவியிலேயே காது கேட்காமல் விழுமாம். விற்பதற்காக வளர்க்கிறவர்களில் சிலர், தங்கள் பட்டிக்குப் பெயர் கெட்டுவிடும் என்று வெளியில் தெரியாமல் கழித்துவிடுவார்களாம். அந்தச் சாக்கு எதற்கு என்று ஒரு மாதமாக மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஏன் கேட்டேன் என்றிருந்தது.

அவர் இதை வைத்துக்கொள்ள மாட்டார். பண்ணைக்கு லாரி வந்து போகிறது. நேற்று டிரைவர் பின்னால் எடுக்கும்போது சக்கரத்துக்கு அருகில் படுத்திருக்கிறது. ஓர் ஆள் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார். ராஜா இதைச் சொல்லும்போது கண் கலங்கினார். பாவத்தைச் சுமக்க என்னால் முடியாதம்மா என்றார்.

தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் என் மடியில் கிடந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது.

நவம்பர் 4

எனக்கு இன்னும் சந்தேகம். நானே சோதித்துப் பார்க்கலாம் என்று குட்டிக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைப் போட்டேன். துள்ளி எழுந்தது. பார்த்தாயா என்று நினைத்தேன். பிறகு தட்டைத் தலையணை மேல் வைத்து ஒரு கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. தரை அதிர்ந்ததால்தான் முதலில் எழுந்திருக்கிறது.

அப்புறம் செல்போனைக் குட்டியின் முதுகுக்குப் பின்னால் பாயில் வைத்துவிட்டு, செண்பகத்தை அவள் வீட்டிலிருந்து போன் அடிக்கச் சொன்னேன். நான் சுவரோரம் உட்கார்ந்து குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. மறந்துவிட்டாள் போல என்று எழுந்தபோது அவளே வந்துவிட்டாள்.

"திரும்புச்சாக்கா?"

"நீ அடிக்கவே இல்லையே."

"விடாம அடிச்சேனே. எங்க வீடுவரைக்கும் கேட்டுச்சு."

குட்டியைப் பார்க்காமல் அவள் என்னைப் பார்த்தாள். போனும் ரிப்பேர் என்று சொன்னேன். வரவர இந்த வீட்டில் எல்லாச் சாமானும் கெட்டுப்போகிறது.

நவம்பர் 8

செய்தி பரவிவிட்டது. முன்பு மூன்று பேர் கேட்ட இடத்தில் இப்போது ஒருவரும் இல்லை. மண்டிக்காரர் என்னைப் பார்த்தால் சைக்கிள் கடைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஒரு பெரியவர், காது கேட்காத நாய் தூக்கத்தில் தொட்டால் கடித்துவிடும், ஊசி போட்டு அனுப்பிவிடு என்றார். ரொம்பக் கனிவாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தொட்டால் கடிக்குமா என்று நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். தூங்கும்போது பக்கத்தில் தரையை மெல்லத் தட்டுகிறேன். விழித்து, என்னைப் பார்த்து, வாலை ஆட்டிவிட்டு மறுபடி தூங்குகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் தொட்டால் யாருக்கும்தான் தூக்கிவாரிப் போடும். எனக்குக்கூட மில்லில் யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் அப்படித்தான்.

நவம்பர் 17

மதுரையில் ஜோதிக்கு வளைகாப்பு. குட்டியைச் செண்பகம் பார்த்துக்கொண்டாள். மஞ்சள் சேலையில் பிள்ளை அவ்வளவு அழகு. ஐந்து வகைச் சோறு, கை நிறைய வளையல். சம்பந்தியம்மாள் ஒரு குறை வைக்கவில்லை. ஜோதியின் துணிமணிக்கு என்று பெரிய பையாக எடுத்துப் போயிருந்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, துணியைப் பையில் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். ஜோதி என்னை உள்அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். தான் ராஜபாளையம் வரவில்லை, பிரசவம் இங்கேயே இருக்கட்டும் என்றாள். போனிலேயே சொன்னாளாம், நானும் சரி என்றேனாம்.

தாய்வீட்டில் என்ன குறை, வசதி பத்தவில்லையா, ஊர் என்ன பேசும் என்றெல்லாம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். என்ன என்றேன். மறுபடி சொன்னாள். என்ன என்றேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆடிக்கு வந்தப்போ வாசல்ல நின்னு பெல் அடிச்சேன், கதவத் தட்டுனேன். தெருவே வந்து பாத்துச்சும்மா. நீ உள்ள சோறு பொங்கிக்கிட்டு இருந்த. நான் கண்ணசந்த நேரத்துல புள்ள அழுதா ஒனக்குக் கேக்குமா?"

பெல் ரிப்பேர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வளையல் கை இரண்டும் என் தோளில் இருந்தன. புதுக் கண்ணாடி வளையல், அவள் அழும்போது குலுங்கியது. குலுங்கியதைப் பார்த்தேன்.

வெறும் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 18

மில்லுக்குப் போகவில்லை. குட்டிக்கும் எனக்கும் கஞ்சி.

நவம்பர் 20

இனி ஜோதி வரப்போவதில்லை என்றால் குட்டியை நானே வைத்துக்கொள்ளலாமே என்று காலையில் தோன்றியது. ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தால், கதவின் கீழ்ப்பக்கமெல்லாம் பிறாண்டி வைத்திருக்கிறது. நகத்தில் ரத்தம். நான் இல்லாத நேரமெல்லாம் அதற்கு இந்த உலகத்தில் யாருமே இல்லை. வீட்டுக்காரர் இல்லாததைச் சொல்லவில்லை.

சாயங்காலம் ராமலட்சுமி வந்தாள். மில்லில் எனக்கு எதிர்மெஷின் பார்த்தவள். வேலையை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் புருஷனோடு காவலுக்கு இருக்கிறாள். செண்பகம் சந்தையில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். உள்ளே வந்தவள், பழைய பழக்கத்தில், டீ குடிக்கலாமா என்று விரலைக் குவித்து உதட்டில் வைத்துக் காட்டினாள். குட்டி அவள் கையைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தது. அவள் உள்ளங்கையை மடக்கினாள். போய்விட்டது அவளிடம்.

தோப்பில் எந்த நாயும் நிற்பதில்லையாம். காட்டுப்பன்றி வருகிறது, சில நாள் யானை வருகிறது. விரட்ட வெடி போடுவார்கள். முதல் வெடிக்கே நாய் ஊரைப் பார்க்க ஓடிவிடும், இதுவரை வளர்த்ததெல்லாம் அப்படித்தான் போயின என்றாள். இது வெடிக்கு அசையாது. வாசனைக்கு எழுந்துவிடும். எங்களுக்கு அதுதானே வேண்டும் என்றாள்.

யானை பக்கத்தில் வந்துவிட்டால் இதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பொழுது சாய்ந்தால் தன் பார்வையை விட்டு வெளியே விடமாட்டேன், கொட்டகைக்குள்தான் என்றாள். லாரி வருமா? பாதையே இல்லை, தலைச்சுமைதான். ஒரு பெண்ணைக் கொடுக்கிறவள்கூட இத்தனை கேட்டிருக்க மாட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவள் பேசியது முழுக்க எனக்கு விளங்கியது. அவள் கையாலும் பேசினாள்.

எழுந்திருக்கும்போது அவளிடம் மெதுவாக, மில்லில் என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது தோன்றியதா என்று கேட்டேன். புரிந்துகொண்டாள்.

"உள்ள நிக்கிறப்போ எல்லாரும் செவிடுதானக்கா. வெளிய வந்தப்புறம்தான் யாரு யாருன்னு தெரியுது," என்றாள்.

நவம்பர் 23

தோப்புக்குக் கொண்டுபோய் விட்டேன். ஓடையைத் தாண்டி நடக்க வேண்டும். மலை தலைக்கு மேலே நிற்கிறது. ராமலட்சுமியின் புருஷன் கனகு வாயில்லாத மனிதர். குட்டியைப் பார்த்துச் சிரித்தார், குட்டி அவரை முகர்ந்து பார்த்தது, அவ்வளவுதான், சேர்ந்து பம்புசெட் பக்கம் நடந்து போனார்கள்.

என்ன பெயர் என்று ராமலட்சுமி கேட்டாள். பெயர் வைக்கவில்லை, வைத்து என்ன, கூப்பிட்டால் வரவா போகிறது என்றேன். அவள் யோசித்துவிட்டு, ஆள்காட்டி விரலால் தன் மூக்கின் நுனியைத் தொட்டுக் காட்டினாள். ரோஜா மூக்குக்காரன். அதுதான் இனி அதன் பெயராம்.

கிளம்பும்போது குட்டி எனக்குப் பின்னாலேயே வந்தது. ஓடைக்கரையில் திரும்பி நின்று முஷ்டியைக் காட்டினேன். உட்கார்ந்தது. நான் அக்கரை ஏறித் திரும்பிப் பார்க்கும்போதும் உட்கார்ந்தே இருந்தது. போ என்று கையை வீசினால் போய்விடும். வீசுவதற்கு எனக்குக் கை வரவில்லை. கடைசியில் ராமலட்சுமி வந்து அதன் முன்னால் நின்று மூக்கைத் தொட்டாள். எழுந்து அவளோடு போனது.

நவம்பர் 26

ஜோதிக்குப் போன் செய்யவில்லை. விடியற்காலை பஸ் ஏறி நேரிலேயே போனேன். வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"எனக்குக் காது கேக்கல ஜோதி. ரொம்ப நாளா."

இந்த வார்த்தையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இதில்கூட எழுதியதில்லை. மில்லில் மேஸ்திரியாக இருக்கிறவள் காது கேட்கவில்லை என்றால் மெஷினில் விட மாட்டார்கள் என்று ஒரு பக்கம். அதைவிட, நினைக்கவே பிடிக்கவில்லை என்பது ஒரு பக்கம்.

ஜோதி ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எவ்வளவு கேட்கிறது, எந்தக் காது பரவாயில்லை, குயில் கூவினால் கேட்கிறதா, பஸ் ஹாரன் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். யோசித்துப் பார்த்தால் குயிலை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. ஊரில் குயிலே இல்லாமல் போயிற்று என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தியம்மாள் என்னமோ என்று எட்டிப் பார்த்தார்.

நாளைக்குக் காது டாக்டரிடம் போகிறோம்.

டிசம்பர் 9

காது மிஷின் மாட்டி ஐந்தாறு நாளாகிறது. காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பூச்சி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்தால் சத்தம். தாளிக்கும்போது கடுகு ஒவ்வொன்றும் தனியாக வெடிக்கிறது. குக்கர் விசிலுக்குப் பயந்து அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. வாசல் பெல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை. செண்பகம் பேசினால்தான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னைக் காக்கவைத்துவிட்டு, ரிங் பிரேமிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மேஸ்திரி என்ற பெயர் போயிற்று. வேலை இருக்கிறது. முதல் நாள் பேக்கிங்கில் நின்றபோது பக்கத்தில் இருந்த பெண்கள் என்னென்னவோ கதை பேசினார்கள். வேலை செய்கிற இடத்தில் இப்படிக் கதை பேசலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

ஜோதி போன் செய்தாள். டவர் நன்றாக இருந்தது. அந்தப் பெரிய பை இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். எடுத்துக்கொண்டு வா, பிரசவத்துக்கு நான் அங்கே வருகிறேன் என்றாள்.

ஜனவரி 30

பேத்தி பிறந்து ஒன்பது நாள். நம்மூர் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். நேற்றுத்தான் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். இப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

ராமலட்சுமி பிள்ளையைப் பார்க்க வந்திருந்தாள், தேங்காயும் நெல்லிக்காயும் கொண்டு வந்தாள். போன வாரம் தோப்பு ஓரமாக யானை வந்ததாம். கனகு வெடி போட்டிருக்கிறார். அவர் காலை ஒட்டியே நின்றதாம் நாய், வெடி போடுகிற கையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு. யானை மலைப்பக்கம் போகும்வரை நகரவில்லையாம். இப்போது இடுப்புயரம் வளர்ந்துவிட்டது என்று கையை வைத்துக் காட்டினாள். இரண்டு மாதத்துக்குள் அவ்வளவு வளருமா என்று தெரியவில்லை, ஆனால் நம்பினேன்.

மத்தியானம் சாயும்போது மிஷினைக் கழற்றிவிட வேண்டியிருக்கிறது. தலையணையில் பட்டால் கீ என்று கத்துகிறது. கழற்றினால் பிள்ளை அழுவது கேட்காது. அதனால் தொட்டில் சேலையின் அடியில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறேன். பிள்ளை அழுவதற்கு முன்னால் காலை உதைக்கிறது. உதைத்தால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்ததுதான்.

இன்று ஜோதி அதைப் பார்த்துவிட்டாள். நான் கண்ணை மூடியிருந்தபோது தொட்டிலை அவளே லேசாக அசைத்துப் பார்த்தாள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிரசவம் ஆனதிலிருந்து இப்படி அசந்து தூங்கி நான் பார்க்கவில்லை. வாய் திறந்து, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக, சின்னப் பிள்ளையில் தூங்கிய மாதிரியே கிடக்கிறாள்.

கயிறு இழுக்கிறது.